வாசற்கோலமும் வலைத்தளப் பின்னணியும்

(மார்கழி மாதத்து மாலை ஒன்றில் ஸ்ரீரங்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாசுரமும் வியாக்கியானமும் இடையறாது ஒலித்துக்கொண்டிருக்கும் இந்தத் திருவரங்கத்தில், கணிப்பொறித் திரையில் எழுத்துகளுக்குப் பின்னே விரிக்கப்படும் சித்திர விரிப்புகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமாக இருக்குமா என்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த அன்பர்கள் சற்றே தயங்கினார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஒரு சிறிய சதுரத்தை வரைந்து, அதை வலப்புறமும் இடப்புறமும், மேலும் கீழும் எத்தனை முறை அடுக்கினாலும் ஒட்டுத் தெரியாதபடி ஒரே பரப்பாகத் தோன்றச் செய்வது எப்படி என்பதே இன்றைய வலைத்தளச் சித்திரக்காரன் கேட்கிற கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை காணும் பயிற்சியை உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் அடையவளைந்தானிலும் வசிக்கும் தாய்மார்கள் விடியற்காலையில் குனிந்து நின்று, விரலிடுக்கில் மாவை வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தைப் பேச இதைவிடத் தகுந்த இடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீதியில் பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். மார்கழி பிறந்துவிட்டால் அவர் வீட்டு வாசலில் தொடங்கும் கோலம் எங்கள் வாசல் வரையில் வந்து, அங்கே என் தாயார் போடும் கோலத்தோடு கலந்து, எது அவருடையது எது எங்களுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி தெருவின் நீளத்துக்கு ஒரே கம்பளமாக விரிந்துவிடும். ஒருநாள் நான் அருகில் நின்று, “மாமி, நடுவில் இருக்கிற பூதானே ரொம்ப அழகு?” என்று கேட்டேன். “நடுவுல பூ போடறது யாராலயும் முடியும்டா. ஓரத்துல கம்பியை எங்கே விடறேன்னு பாரு. அங்கேதான் உங்கம்மா பிடிச்சுக்கணும்” என்றார். அன்று அதை ஒரு கிழவியின் வேடிக்கைப் பேச்சாக எண்ணி ஓடிவிட்டேன். பல்லாண்டுகள் கழித்து, திரைக்கான சித்திரங்களை நானே வரையப் புகுந்து, வரைந்ததை அடுக்கிப் பார்க்கும்போதெல்லாம் சதுரத்துக்குச் சதுரம் தழும்பு போல ஒரு கோடு தெரிவதைக் கண்டு மனம் சலித்திருந்த வேளையில்தான், அந்த வாக்கியத்தின் முழுப் பொருளும் எனக்கு விளங்கிற்று. மீண்டும் மீண்டும் வருகிற வடிவத்தின் உயிர் அதன் ஓரத்தில் இருக்கிறது. இன்று நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் இந்தத் திரைக்கலையின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறியின் திரைப்பரப்பில் ஒரு சிறு வடிவம் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருந்தது. அதன் அளவு 8 பிக்சல் அகலம், 8 பிக்சல் உயரம். கறுப்பா வெள்ளையா என்று மட்டும் சொல்லும் 64 பிக்சல்கள். அவற்றைச் சேமித்து வைக்க 8 பைட் போதும். நமது பெண்மணிகள் எட்டுக்கு எட்டு நேர்ப்புள்ளி வைத்து எவ்வளவு செய்வார்களோ அவ்வளவு இடத்தில் ஒரு திரை முழுவதற்கும் ஆடை நெய்தார்கள். பிறகு 1995-இல் நெட்ஸ்கேப் 1.1 என்னும் உலாவி, ஒரு சிறு படத்தைப் பக்கத்தின் பின்னே தானாகவே அடுக்கிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் 1996 டிசம்பரில் வெளியான முதற் பதிப்பு, படத்தை இரு திசைகளிலும் அடுக்குவதா, கிடையாக மட்டும் அடுக்குவதா, நெடுக்காக மட்டும் அடுக்குவதா, அடுக்காமலே விடுவதா என்று நான்கு விதமாக ஆணையிடும் உரிமையை எழுதுபவனிடம் கொடுத்தது.

அந்த வசதி அன்று ஏன் அவசியமாயிற்று என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியே விநாடிக்கு 28,800 பிட் வேகத்தில் செய்தி வந்துகொண்டிருந்த காலம் அது. நூறு கிலோபைட் எடையுள்ள ஒரு படம் வந்து சேர அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். இரண்டு கிலோபைட் எடையுள்ள சிறு சதுரமோ ஒரு விநாடிக்குள் வந்து, திரை முழுவதும் பரவிவிடும். இன்று வேகம் பெருகிவிட்டது என்பது உண்மையே. ஆயினும் 1920-க்கு 1080 என்ற அளவுள்ள ஒரு திரையில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பிக்சல்கள் இருக்கின்றன. நூற்றுக்கு நூறு அளவுள்ள ஒரு சதுரத்தில் இருப்பவை பத்தாயிரம் மட்டுமே. சிறியதை வைத்துப் பெரியதை நிரப்பும் இந்தச் சிக்கனம், கிராமத்தில் பழைய கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறக்கும் மாணவனுக்கு இன்றும் உபகாரமாகவே இருக்கிறது.

இனி ஓரத்துக்கு வருவோம். புள்ளிகளைச் சுற்றிக் கம்பி என்னும் கோடு வளைந்தோடும் சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்குக்கு நான்காகப் பதினாறு நேர்ப்புள்ளிகள் வைத்தால், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள சந்துகள் கிடையாகப் பன்னிரண்டு, நெடுக்காகப் பன்னிரண்டு, ஆக 24. ஒவ்வொரு சந்திலும் கோலமிடுபவர் ஒரு தீர்மானம் செய்கிறார்: இங்கே கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கட்டும், அல்லது கடக்காமல் வளைந்து திரும்பட்டும். எல்லாச் சந்துகளிலும் கடக்க விட்டு, வெளி ஓரத்தில் மட்டும் திருப்பிக்கொண்டால், நான்குக்கு நான்கு கோலத்தில் நான்கு தனிக் கம்பிகள் கிடைக்கும். மூன்றுக்கு நான்கு கோலத்திலோ ஒரே கம்பி எல்லாப் புள்ளிகளையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அவ்வளவு கம்பிகள் என்பது விதி. பள்ளிக்கூடத்தில் காகிதத்தில் போட்ட அந்தக் கணக்கு வாசலில் மாவால் போடப்பட்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

ஆனால் இவ்வாறு ஓரத்தில் திரும்பிக்கொள்கிற கோலம் தன்னளவில் பூர்த்தியானது. அதைப் படமாக்கித் திரையில் அடுக்கினால், பக்கத்தில் பக்கத்தில் தனித்தனிப் பாய்களை விரித்தது போல இருக்குமே தவிர, ஒரே பாயாக இராது. ஒரே பரப்பாக வேண்டுமானால், ஓரத்தில் திரும்புகிற கம்பியைத் திருப்பாமல் வெளியே விட வேண்டும். வலது ஓரத்தில் வெளியேறும் கம்பி, அடுத்த சதுரத்தின் இடது ஓரத்தில், அதே உயரத்தில், அதே சாய்வில் உள்ளே புக வேண்டும். கீழே இறங்குவது அடுத்ததன் மேலே அதே இடத்தில் ஏற வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் 24 சந்துகளோடு, ஓரத்தில் அண்டை சதுரத்தோடு பகிர்ந்துகொள்ளும் சந்துகள் எட்டு புதிதாகச் சேருகின்றன. ஒவ்வொன்றிலும் பாதி இந்தச் சதுரத்தில் இருக்கிறது, பாதி அடுத்ததில் இருக்கிறது. இரு பாதிகளும் ஒரே தீர்மானத்துக்கு உடன்பட வேண்டும். உள்ளே 24 இடங்களில் நாம் எவ்வளவு கற்பனை செய்தாலும் குற்றமில்லை. ஓரத்து எட்டு இடங்களில் வாக்குத் தவறினால் பரப்பு முழுவதும் கிழிந்துவிடும். பக்கத்து வீட்டு மாமி என்னிடம் சொன்னது இந்த எட்டைப் பற்றித்தான்.

ஒரு வலைத்தளத்தில் நான் கண்ட காட்சியை இங்கே சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் மிக நேர்த்தியான ஒரு சிக்குக் கோலத்தைப் புகைப்படம் எடுத்து, சதுரமாக வெட்டிப் பின்னணியில் அடுக்கியிருந்தார். வெட்டு சந்துகளின் நடுவே செல்லாமல் புள்ளிகளின் மீதே சென்றிருந்தது. விளைவாக அரைப் புள்ளியும் அறுந்த கம்பியுமாகத் திரை முழுவதும் சிதைந்த கோலம் நிறைந்திருந்தது. நம் கலையின் மீது பிரியம் இருந்தும் அதன் இலக்கணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாததால் நேர்ந்த துன்பம் அது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது.

மணலின் மேற்பரப்பு, கல்லின் மேனி, பழைய காகிதம் போன்ற, கோடுகளுக்கு அடங்காத பரப்புகளுக்கு என்ன செய்வது என்று இளைஞர்கள் கேட்கலாம். அதற்கும் எளிய வழி உண்டு. படத்தை நடுவில் நெடுக்காகவும் குறுக்காகவும் வெட்டி நான்கு துண்டுகளாக்கி, எதிர் மூலைகளில் இருப்பவற்றை இடம் மாற்றி வையுங்கள். முன்பு நடுவில் ஒட்டியிருந்த வெட்டுவாய்கள் இப்போது வெளி ஓரங்களுக்கு வந்துவிடும். இயற்கையிலேயே தொடர்ச்சியாக இருந்தவை ஆதலால் அடுக்கும்போது அவை பிசகின்றிப் பொருந்தும். பொருந்தாத பழைய ஓரங்கள் நடுவில் ஒரு சிலுவையாகத் தெரியும். அந்தச் சிலுவையை மட்டும் நிதானமாக அழித்து வரைந்து சீராக்க வேண்டும். வெளி ஓரத்தைக் கைதவறியும் தொடக்கூடாது. இன்றைய மென்பொருள்கள் படத்தைப் பாதி தூரம் நகர்த்தி ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவருவதும் இதே காரியந்தான்.

அடுத்து, அடுக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. கோல நோட்டுப் புத்தகங்களில் “15 புள்ளி, நேர்ப்புள்ளி” என்றும், “15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை” என்றும் எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நேர்ப்புள்ளி சதுரத்தில் அடங்கும். திரைக்கு மாற்றுவது சுலபம். இடைப்புள்ளியிலோ ஒவ்வொரு வரிசையும் மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அரை இடம் தள்ளி நிற்கும். உறையூர்த் தறியில் புட்டா என்னும் சிறு பூவடிவங்களை வரிசை மாற்றி இடையிடையே வைத்து நெய்வதும் இந்த அமைப்பே. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல் ‘அர்காரு’ என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் நமது உறையூரே என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. காவேரிக்குத் தென்கரையில் தறியும் வடகரையில் வாசலும் ஒரே இலக்கணத்தைப் பேசுகின்றன.

இந்த இடைப்புள்ளியைத் திரைக்குரிய நீள்சதுரத்தில் அடக்க வேண்டுமானால், ஒரு வரிசையை மட்டும் எடுத்தால் போதாது. நேர்நிற்கும் வரிசையும் தள்ளி நிற்கும் வரிசையும் ஆக இரண்டையும் ஒரே சதுரத்துக்குள் கொள்ள வேண்டும். புள்ளிகள் எல்லாத் திசையிலும் சம தூரத்தில் நிற்க வேண்டுமென்றால், அகலத்தைப்போல் உயரம் மூன்றின் வர்க்கமூல மடங்கு, அதாவது ஏறத்தாழ 1.732 மடங்கு இருத்தல் வேண்டும். பிக்சல்களோ முழு எண்களாகத்தான் கிடைக்கும். ஆகவே 112 பிக்சல் அகலமும் 194 பிக்சல் உயரமும் கொண்ட ஒரு நீள்சதுரத்தை எடுத்து, மூலையில் ஒரு புள்ளியும் சரியாக நடுவில், அதாவது 56-ஆவது, 97-ஆவது இடத்தில், ஒரு புள்ளியும் வைத்தால், பிழை பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த அளவை இளைஞர்கள் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடைப்புள்ளிக் கோலங்களைத் திரைக்குக் கொண்டுவர இதுவே திறவுகோல்.

இப்படித் தளம் ஒன்றை இரு திசைகளில் நிரப்பும் வடிவங்கள் எத்தனை விதமானவை என்று ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி ஃபெடரோவ், அவை பதினேழு வகைகளுக்குள் அடங்கிவிடும் என்று 1891-இல் நிறுவினார். 1924-இல் கணித மேதை போல்யாவும் தனிவழியில் அதே முடிவுக்கு வந்தார். பூக்களும் இலைகளும் நிறங்களும் கோடிக்கணக்காக மாறலாம். ஆனால் திருப்பியும் பிரதிபலித்தும் நகர்த்தியும் அடுக்கும் ஒழுங்குகள் பதினேழே. அந்த ஒழுங்குகளில் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்ற சுழற்சிகளுக்கு இடமுண்டு, ஐந்துக்கு இடமில்லை. ஐந்து இதழ்த் தாமரையை ஒற்றைக் கோலமாக வாசலில் மலர்த்தலாம். ஆனால் அந்த ஐந்தின் சமச்சீரைக் காத்துக்கொண்டே அதை அடுக்கித் தெருவை நிரப்ப முடியாது.

ஓரம் பொருந்திவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடுவதில்லை. சதுரத்துக்குள் ஏதோ ஓரிடத்தில் ஒரு சிறு கறையோ சற்றே தடித்த ஓர் இலையோ இருந்துவிட்டால், அடுக்கும்போது அது வரிசை வரிசையாக எழுந்து நின்று, பார்ப்பவனின் கண்ணை ஓயாமல் இழுக்கும். இந்த அலுப்பைத் தவிர்க்கும் வழிக்கு, நம் திருவரங்கக் கோயிலின் சேஷராயர் மண்டபத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பின்னங்கால்களை ஊன்றிப் பாயும் குதிரைகள் தூண்தோறும் நிற்கின்றன. இடைவெளி ஒன்று, உயரம் ஒன்று, பாய்ச்சல் ஒன்று. ஆயினும் ஒவ்வொரு தூணையும் நெருங்கிப் பார்த்தால் வீரனும் விலங்கும் வேறு வேறாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். ஒழுங்கு தாளமாக நிற்க, வேற்றுமை அதன்மேல் சஞ்சரிப்பதால்தான் அந்த மண்டபம் அலுப்பதில்லை.

திரையில் அத்தகைய வேற்றுமையைக் கொண்டுவர நமது தாள சாஸ்திரமே வழிகாட்டுகிறது. எட்டு அட்சரமுள்ள ஆதி தாளத்தின் மேல் ஐந்து அட்சரமுள்ள கண்டச் சொற்கட்டை ஓட விட்டால், இரண்டும் மறுபடி சமத்தில் சந்திக்க நாற்பது அட்சரம் ஆகும். அதுபோல, ஒரே பின்னணியை மூன்று மெல்லிய அடுக்குகளாக வரைந்து, முதலடுக்கின் அகலத்தைக் கண்டம் ஐந்தாக 50 பிக்சல், இரண்டாவதை மிஸ்ரம் ஏழாக 70 பிக்சல், மூன்றாவதைச் சங்கீர்ணம் ஒன்பதாக 90 பிக்சல் என்று வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால், மூன்றும் ஒருசேரத் திரும்பி வர 3,150 பிக்சல் தூரம் வேண்டும். சாதாரணத் திரையின் அகலமே 1,920தான். ஆகவே பார்ப்பவன் கண்ணுக்கு அந்தப் பரப்பு ஒருமுறைகூடத் திரும்பி வராது. மூன்று சிறு சதுரங்களால் ஆனது என்று அவன் ஊகிக்கவும் மாட்டான்.

இப்போது பின்னணியின் தர்மத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலம் மிதிபடுவதற்காகவே போடப்படுகிறது. வருகிறவரை வரவேற்றுவிட்டு அவர் காலடியில் கலைந்துபோவதில் அதற்கு மனக்குறை இல்லை. பின்னணியும் அப்படியே, தன்மேல் நிற்கும் எழுத்துக்கு வழிவிட வேண்டும். சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று வலைத்தள அணுகல் வழிகாட்டி நெறிகள் விதிக்கின்றன. அது எல்லா மொழிகளுக்கும் பொது. தமிழுக்கு மட்டும் விசேஷமான ஓர் ஆபத்து உண்டு. நம் மெய்யெழுத்து புள்ளியால் ஆனது. ககரத்தின் தலையில் ஒரு புள்ளி விழுந்தால் அது வேறு எழுத்து. புள்ளிக் கோலத்தை அழுத்தமான நிறத்தில் பின்னே விரித்து அதன்மேல் தமிழை அச்சிட்டால், எது கோலத்தின் புள்ளி, எது எழுத்தின் புள்ளி என்று கண் தடுமாறும். ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சி ஏடெழுதியோர் புள்ளியை விட்டுவிட்ட காலத்தில் வாசிப்பவர் பட்ட சிரமம் போதும்; அதை நாம் திரையில் மறுபடி வருவித்துக்கொள்ள வேண்டாம். எழுத்து நிற்கும் பகுதியில் புள்ளிகளை நீக்கிக் கம்பிகளை மட்டும் மங்கலாக வையுங்கள்; புள்ளியும் காவியும் பக்கத்தின் ஓரங்களை அலங்கரிக்கட்டும். வாசலிலும் காவி ஓரத்தில்தானே நிற்கிறது!

கோலத்தைக் கணிப்பொறி விஞ்ஞானத்தோடு சேர்த்து எண்ணுவது என்னுடைய புது யோசனை அல்ல. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலத்தை ஒரு மொழியாகவும் அதை வரையும் முறையை அம்மொழியின் இலக்கணமாகவும் கொண்டு 1974-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் பெண்கள் செய்வது சிந்தனைச் செயல் என்பதை உலகத்து விஞ்ஞானிகள் முன்னே நிலைநாட்டிய பெருமை அவர்களைச் சாரும். அவர்கள் அமைத்த அஸ்திவாரம் இருந்தும், இன்று நமது இளைஞர்கள் தமிழ்த் தளம் ஒன்றை வடிவமைக்கும்போது எங்கோ ஒரு நாட்டுச் செங்கல் சுவரையோ மரப்பலகையையோ விலைக்கு வாங்கி விரிக்கிறார்களே என்பதுதான் எனது வருத்தம். பிறர் கலையை விரும்புவது குற்றமாகாது. தன் வீட்டு வாசலைப் பாராமல் விரும்புவதே குறை.

தாய்மார்களே, உங்கள் அலமாரியில் பழைய துணிகளுக்கு அடியில் ஒரு கோல நோட்டுப் புத்தகம் இருக்கும். உங்கள் மாமியார் பென்சிலால் புள்ளி வைத்தது, நீங்கள் மையால் கம்பி இழுத்தது. அதன் காகிதம் பழுத்து உதிரத் தொடங்கியிருக்கும். தயவுசெய்து அதை வெளியே எடுங்கள். இளைஞர்களே, அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். பிறகு போட்டவர் அருகிலேயே அமர்ந்து, ஓரத்தில் எந்தக் கம்பியைத் திருப்புவது, எதை வெளியே விடுவது என்று கேட்டுக் கேட்டு, ஒட்டுத் தெரியாத சதுரமாகத் திருத்தி வரையுங்கள். அவர் சம்மதித்தால், அவர் பெயரையும் வீதியின் பெயரையும் அதனோடு சேர்த்து, எவரும் இலவசமாக எடுத்தாளும்படி வெளியிடுங்கள். ஒருவர் பத்துக் கோலம் செய்தால் போதும். இந்த அவையில் இருப்பவர்களைக் கொண்டே ஆயிரம் தமிழ்ப் பக்கங்களுக்கு விரிப்பு நெய்துவிடலாம்.

எனக்கு ஓரத்தைக் காட்டிக்கொடுத்த அந்த மாமியின் புத்தகத்தைத் தேடிப் போனபோது காலம் கடந்துவிட்டது; வீடு கைமாறியிருந்தது, புத்தகம் பழைய காகிதத்தோடு போய்விட்டது என்றார்கள். உங்கள் வீட்டில் அப்படி நேர வேண்டாம். இன்றிரவு வீடு திரும்பியதும் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.